ஐ.ஈ.எஸ்.எல். உறுப்புரிமை: வன்னியில் வேலை செய்பவருக்குப் பிரயோசனமா?

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்துக்குச் (ஐ.ஈ.எஸ்.எல்.) சந்தா கட்டலாம், தாராளமாகக் கட்டலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கச்சிமாரும், படித்து முடித்து இப்போதுதான் சைட்டில் இறங்கியவர்களும் "அக்கா, இந்த இன்ஸ்ரிரியூசனுக்குச் சந்தா கட்டுறதால உண்மையா ஏதும் பிரயோசனம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் அரைகுறையாகப் பதில் போடுவதை விட ஒரே தடவையில் விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சிவில். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குளக்கட்டு, துருசு (குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடும் அமைப்பு), பாலம், மதகு என்று திரிகிறவள். மாணவியாகச் சேர்ந்து, அசோசியேற் (இணை உறுப்பினர்) ஆகி, புரொபெஷனல் ரிவியூ என்ற தகுதி நேர்முகத்தையும் தாண்டி சாட்டட், அதாவது பட்டயப் பொறியியலாளர் ஆனேன். காசு கட்டிப் பாவித்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் நிறையப் பேர் இந்த நிறுவனத்தையும் பொறியியல் பேரவையையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், அதாவது ஐ.ஈ.எஸ்.எல்., பொறியியலாளர்களே நடத்தும் தொழில்சார் அமைப்பு. 1906 இல் சிலோன் எஞ்சினியரிங் அசோசியேஷன் என்ற பெயரில் தொடங்கி, 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அலுவலகம் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில். பொறியியல் பேரவை வேறு. அது 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. பேரவையில் பதிவது சட்டக் கடமை, நிறுவனத்தில் சேர்வது உங்கள் விருப்பம். விருப்பம் என்றாலும் ஒன்றோடு மற்றது பிணைந்துதான் இருக்கிறது: பேரவையில் பட்டயப் பொறியியலாளர் என்ற வகையில் பெயர் வர வேண்டுமானால் அந்தத் தகுதியை முதலில் நிறுவனத்தில் எடுத்திருக்க வேண்டும்.

சரி, கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது? பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள், சஞ்சிகை, விரிவுரைகள், வருடாந்த அமர்வு, டெக்னோ என்ற பொறியியல் கண்காட்சி. இதெல்லாம் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. நம் தொழிலை நன்றாக அறிந்த, நமக்குச் சம்பளம் கொடுக்காத, நம்மால் எந்த லாபமும் இல்லாத ஒருவர் நம் வேலையைச் சோதித்துப் பார்க்கிறார். கொழும்பில் பெரிய கொன்சல்ரன்சியில் இருப்பவருக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது, அங்கே பக்கத்து மேசையிலேயே நீண்ட அனுபவம் உள்ள ஒருவர் இருப்பார், தலையைத் திருப்பிக் கேட்டால் போதும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சைட்டில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வயது இருபத்தைந்து, கூட ஒரு ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), ஒரு சுப்பர்வைசர், மெஷின் ஓட்டுபவர்கள், கொன்ராக்டரின் ஆள். பொறியியல் சந்தேகம் ஒன்று வந்தால் கேட்க ஆளில்லை, சிக்னல் கிடைத்தால் கம்பஸில் கூடப் படித்தவனுக்குப் போன் எடுக்கலாம், அவனுக்கும் அதே இருபத்தைந்து வயதுதான். செய்தது சரியா பிழையா என்று ஒருவரும் சொல்லாமலே இப்படி ஐந்து வருடம் ஓடிவிடும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு குளத்தின் கட்டைத் திருத்தும் வேலை. ஆடியிலேயே தொடங்கியிருக்க வேண்டியது, புரட்டாதியில்தான் தொடங்கியது, மாரி வருமுன் முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அந்தரம். கட்டுக்கு மண் போடுவதென்றால் படை படையாகப் போட்டு, ஈரத்தைச் சரிபார்த்து, ரோலரால் இறுக்கி, அடர்த்திப் பரிசோதனை எடுக்க வேண்டும், ஆய்வுகூடத்தில் கிடைத்த உச்ச உலர் அடர்த்தியில் (அந்த மண் எவ்வளவு இறுகலாம் என்ற அளவில்) 95 சதவீதமாவது வந்தால்தான் அடுத்த படைக்குப் போகலாம். எங்கள் ஸ்பெசிபிக்கேஷன் அப்படித்தான் சொன்னது. ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆள் சில படைகளுக்குப் பரிசோதனையே எடுக்காமல் மேலே மண்ணைக் கொட்டிவிட்டு, "மிஸ், ரோலர் ஓடினதை நீங்களே கண்டனீங்கள்தானே, சைன் பண்ணுங்கோ" என்று தாளை நீட்டினார். நான் மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர்களின் தலைமை அலுவலகத்திலிருந்து போனுக்கு மேல் போன், ஊருக்குள் "மிஸ்தான் வேலையை நிப்பாட்டி வைச்சிருக்கிறா" என்று கதை. கமக்காரர் அமைப்பின் ஆட்களும் வந்து கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் நிற்காவிட்டால் அந்தப் போகம் போச்சு.

செமினார் ஒன்றில் அறிமுகமான ஒரு மூத்த உறுப்பினர் அப்போது வவுனியாவில் இருந்தார், அவருக்குப் போன் எடுத்தேன். அவர் எனக்காக யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. "கட்டுக்குக் கீழ வீடுகள் இருக்கா பிள்ளை? இருந்தா இதில யோசிக்க ஒண்டுமில்லை" என்றார் முதலில். பிறகு ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவைக் காட்டிக் கடிதம் எழுதுவது, பரிசோதனை இல்லாத படைகளை எங்கெங்கே வெட்டித் திறந்து பார்ப்பது, கமக்காரருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். திறந்து பார்த்தோம். ஒரு பகுதி 95 இற்குக் கீழே வந்தது, அதைக் கிண்டி எடுத்துத் திரும்பப் போட்டு இறுக்கினார்கள், மாரிக்கு முன்னர் கட்டும் எழும்பியது.

சங்கத்தில் சேர்ந்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அந்தப் போன் நம்பரைத்தான் முதலில் சொல்வேன். ஒழுக்கக் கோவை என்று ஒன்றை எல்லாப் பொறியியல் சங்கங்களும் வைத்திருக்கின்றன, பொதுமக்களின் பாதுகாப்புக்குத்தான் முதலிடம் என்று அதில் இருக்கும். படிக்கும் காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுவோம். சைட்டில் தனியாக நிற்கும்போதுதான் அந்த வரி கைகொடுக்கும், ஏனென்றால் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வதற்கும் "என் தொழில் அமைப்பின் விதி இதற்கு இடம்தராது" என்று எழுத்தில் கொடுப்பதற்கும் எதிரில் நிற்பவரின் முகத்தில் தெரியும் வித்தியாசம் பெரிது. அதுவும் பெண்ணாக இருந்தால் இன்னும் பெரிது. "இஞ்சினியர் சேர் எங்க மிஸ்?" என்று என்னிடமே வந்து கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

இனி புரொபெஷனல் ரிவியூ பற்றி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அங்கீகரிக்கப்பட்ட பட்டம், அசோசியேற் உறுப்புரிமை, சில வருடப் பயிற்சியும் பொறுப்பான அனுபவமும், பிறகு அவற்றை அறிக்கையாக எழுதிக் கொடுத்து, உங்கள் துறையின் மூத்தவர்கள் முன்னால் நேர்முகம். விண்ணப்பத்துக்கு முன்மொழிய ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஆட்களும் வேண்டும். நேர்முகத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதை விட ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு வழி இருந்ததா, அந்த முடிவு யாருடையது என்றுதான் குடைவார்கள். "நாங்கள் செய்தோம்" என்று எழுதியிருந்தால் "நாங்கள் என்றால் யார்? அதில் நீங்கள் செய்தது எது?" என்று அந்த இடத்திலேயே பிடிப்பார்கள். அந்தக் குளக்கட்டுக் கதையைத்தான் என்னிடம் அதிக நேரம் கேட்டார்கள். எத்தனை இடத்தில் திறந்தீர்கள், ஏன் அந்த இடங்கள், கட்டுக்கும் துருசுச் சுவருக்கும் இடையில் மண் எப்படி இறுக்கினீர்கள், ரோலர் போகாத இடம்தானே அது என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் அந்த மாதிரிக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு நன்மை இருக்கிறது, அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொழும்பில் ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு மாடியின் கம்பி அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரை விட, சின்னக் குளமோ சின்னப் பாலமோ, முழு வேலையையும் நீங்கள்தான் பார்த்திருப்பீர்கள். சேர்வே எடுத்தது, பீஓகியூ (வேலை அளவுப் பட்டியல்) போட்டது, மண் பார்த்தது, ஊர்க்கூட்டத்தில் பேசியது எல்லாம் உங்கள் கை. அறிக்கையில் எழுத அது தங்கமான விஷயம். ஆனால் தினமும் குறித்து வைத்தால்தான் எழுதலாம். தேதி, என்ன பிரச்சினை, என்ன தெரிவுகள் இருந்தன, நீங்கள் எதை ஏன் தெரிந்தீர்கள் என்று நாலு வரி. படங்களையும் அளவுகளையும் அன்றன்றே சேமித்து வையுங்கள்.

வெளிநாட்டுக்குப் போக உதவுமா என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள், நேராகவே பதில் சொல்கிறேன். 1989 இல் தொடங்கிய வொஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட அமைப்புகள் ஒன்று அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்றவை சமமாக ஏற்றுக்கொள்ளும். இலங்கை சார்பில் ஐ.ஈ.எஸ்.எல். 2014 இல் முழு உறுப்பானது, அதே வருடம்தான் இந்தியாவும். ஆகவே நீங்கள் படித்த பட்டநெறிக்கு நிறுவனத்தின் அங்கீகாரம் இருந்தால், அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பட்டத்தைக் காட்டும்போது ஆரம்பத்திலிருந்து நிரூபிக்க வேண்டிய பாடு குறையும். பட்டத்துக்கு மட்டும்தான் அது. வேலை செய்யும் உரிமம், அந்த நாட்டுப் பதிவு எல்லாம் வேறு. அங்கீகாரம் நீங்கள் படித்த வருடத்துக்கும் துறைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகிற பிள்ளைகளை நான் தடுக்க மாட்டேன், ஆனால் இங்கே இருப்பவர்களுக்குத்தான் இந்த உறுப்புரிமை அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

சங்கத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு ஒரு பழைய கதை. 1918 இல் டி. ஜே. விமலசுரேந்திர நீர்மின் உற்பத்தியின் பொருளாதாரம் பற்றிய தன் ஆய்வுரையை இதே சிலோன் எஞ்சினியரிங் அசோசியேஷனில்தான் வாசித்தார். அரச சேவையில் இருந்த ஓர் உள்நாட்டுப் பொறியியலாளருக்குத் தன் கணக்கைச் சக பொறியியலாளர்கள் முன்னால் வைத்துப் பதிய ஒரு மேடை இருந்தது. ஆனால் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். முப்பது வருடத்துக்கு மேல். இடையில் வேலை தொடங்கி நின்றும் போனது. அரசாங்கத்தை அசைக்கச் சங்கத்தால் முடியவில்லை, உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு அச்சில் இருந்ததால் அதை இல்லையென்று ஆக்கவும் யாராலும் முடியவில்லை.

நம் பக்கத்து உதாரணம் பேராசிரியர் அழகையா துரைராசா. கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1963 இல் ஜியோடெக்னிக் இதழில் வந்தது. அந்த இதழை வெளியிடுவது பிரித்தானிய சிவில் பொறியியலாளர் நிறுவனமான ஐ.சி.ஈ., அதுவும் ஒரு தொழில்சார் சங்கம்தான், 1818 இல் தொடங்கியது. இன்று மண்பொறியியல் படிக்கும் எந்த நாட்டுப் பிள்ளையும் அந்தக் கட்டுரையில் வந்த சிந்தனையைத் தாண்டாமல் போக முடியாது. பிறகு அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1988 முதல் 1994 வரை, மிகக் கடினமான வருடங்களில், இங்கேயே இருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று இந்த மண்ணின் குளங்களில் வேலை செய்தவர்களிடம் அவ்வளவு அறிவு இருக்கிறது, அது அவர்கள் ஓய்வு பெறும்போது அவர்களோடேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. சங்கத்தின் சஞ்சிகையும் அமர்வுகளும் நம் ஆட்களுக்கும் திறந்துதான் இருக்கின்றன. எழுத வேண்டும். கட்டு கசிந்த ஒரு குளத்தை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பத்துப் பக்கம் எழுதுங்கள், அது போதும்.

குறைகள். தூரம் முதலாவது. கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். விஜேராம மாவத்தையில் மாலை ஐந்தரைக்கு ஒரு விரிவுரை என்றால் நமக்கு அது இரண்டு நாள் லீவு. கொரோனாவுக்குப் பிறகு சூமில் நிறைய வந்துவிட்டது, அது பெரிய மாற்றம், வற்றாப்பளையில் இருந்தபடியே கேட்கலாம். ஆனால் சூமில் யாரும் யாருக்கும் போன் நம்பர் கொடுப்பதில்லை. நான் மேலே சொன்ன அந்த மூத்தவரின் அறிமுகம் தேநீர் இடைவேளையில் கிடைத்தது.

அடுத்தது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்து, கம்பஸில் நாலு வருடம் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினாலும், தன் வேலையைத் தானே விளக்கி நீளமாக எழுதுவது வேறு திறமை. கெட்டிக்காரப் பிள்ளைகள் அறிக்கையைத் தொடங்கிவிட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு இதுதான் காரணம், வேலை தெரியாததால் இல்லை. வடக்கில் இருக்கும் மூத்த உறுப்பினர்கள் சேர்ந்து கிளிநொச்சியில் மாதம் ஒரு சனிக்கிழமை இந்த அறிக்கைகளைப் படித்துத் திருத்திக் கொடுத்தால் எத்தனையோ பேர் தாண்டிவிடுவார்கள்.

மூன்றாவதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் ஆவேசம் வரும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது இரணைமடுவின் வான்கதவுகளைப் பற்றி ஊரே பேசியது, எப்போது திறந்தார்கள், ஏன் திறந்தார்கள், முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்று. கடையில், பஸ்ஸில், பேஸ்புக்கில், ஆளுக்கு ஒரு கதை. வீடு வாசல் இழந்த சனத்துக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் எந்தப் பக்கமும் சாயாத பொறியியலாளர்கள் நாலு பேர் ஊர் மண்டபத்தில் வந்து நின்று, நீர்வரத்து என்றால் இது, கொள்ளளவு இது, கதவை இவ்வளவு திறந்தால் கீழே இவ்வளவு தண்ணீர் போகும் என்று தமிழில், படம் வரைந்து விளக்க வேண்டும். தொழிலுக்கு மரியாதை வேண்டும் என்று நாம் கேட்கிறோம் அல்லவா, அந்த மரியாதை சனத்தின் முன்னால் நின்று பதில் சொல்வதில்தான் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரீ.ஓ.மாரையும் டிப்ளோமா படித்தவர்களையும் மறக்கக்கூடாது. வன்னியில் சைட்டுகளை உண்மையில் ஓட்டுவது அவர்கள்தான். அறிவியல்நகரிலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது, அங்கிருந்து நல்ல தொழில்நுட்பப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். பொறியியல் பேரவைச் சட்டத்தில் இன்கோப்பரேட்டட் பொறியியலாளர், டிப்ளோமாதாரி, தொழில்நுட்பவியலாளர் என்று இவர்களுக்கும் தனித்தனி வகைகள் இருக்கின்றன, இன்கோப்பரேட்டட் பொறியியலாளர்களுக்கு ஐ.ஐ.ஈ.எஸ்.எல். என்று தனி நிறுவனமே இருக்கிறது. கேட்டால் பலருக்குத் தெரியாது. உங்கள் சைட்டில் இருக்கும் ரீ.ஓ. தம்பிக்கு இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

மற்றச் சங்கங்கள் பற்றிச் சுருக்கமாக. மின், மின்னணு, கணினி படிப்பவர்களுக்கு ஐ ட்ரிபிள் ஈ (IEEE) நல்லது, 1963 இல் இரண்டு பழைய அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து உருவானது, இலங்கைக்கும் பிரிவு இருக்கிறது, பெண்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது. பத்து வருடத் தொழில் அனுபவமும் அதில் ஐந்து வருடம் குறிப்பிடத்தக்க பங்களிப்பும் காட்டினால் சீனியர் மெம்பர் ஆகலாம், அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. சிக்கல் டொலர். 2022 இல் டொலர் இருநூறு சொச்சத்தில் இருந்து 350 ரூபாவுக்கு மேல் போனபோது வெளிநாட்டுச் சந்தாவைப் பலர் விட்டுவிட்டார்கள், நியாயம்தான். வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு இ-மெம்பர்ஷிப் என்று மலிவான வகை இருக்கிறது, அதைக் கேட்டு எடுங்கள். சிவில் பிள்ளைகளே, ஐ.சி.ஈ., அமெரிக்க சிவில் பொறியியலாளர் சங்கமான ஏ.எஸ்.சி.ஈ. இரண்டிலும் மாணவ உறுப்புரிமை இலவசம், படிக்கும்போதே எடுத்துவிடுங்கள். இன்னொன்று: காசு கட்டினால் உடனே பெலோ (உயர்நிலை உறுப்பினர்) ஆக்குகிறோம் என்று பெயரே கேள்விப்படாத சங்கங்களிடம் இருந்து மின்னஞ்சல் வரும், எனக்கும் வந்தது. உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டம் தருகிறவர்களுக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

புள்ளி போடுவதென்றால் ஐ.ஈ.எஸ்.எல். உறுப்புரிமைக்கு 5 இற்கு 4. அந்த ஒரு புள்ளியைக் குறைத்தது தூரத்துக்கும் தமிழ் இல்லாததற்கும். கையில் காசு மட்டாக இருந்தால் முதலில் இதை எடுங்கள், வெளிநாட்டுச் சங்கம் பிறகு. சஞ்சிகை வரவில்லை, நிகழ்ச்சிக்குப் போக முடியவில்லை என்று இடையில் விட்டுவிடாதீர்கள், நிலுவையைக் கட்டி மீண்டும் சேர்வது வீண் அலைச்சல். நாட்குறிப்பை நாளைக்கே தொடங்குங்கள். அறிக்கை எழுதிக்கொண்டிருப்பவர்கள் யாராவது கிளிநொச்சிப் பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்துப் பார்த்துத் தருவேன். ஆங்கிலம் சரியில்லை என்று வெட்கப்பட வேண்டாம், அதை இருந்து திருத்தலாம். வரைபடங்களையும் பரிசோதனை முடிவுகளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், அவை இல்லாமல் வந்தால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது.